வலது கைக்கு என்ன ஆயிற்று?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 26 வயது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பத்து நாளைக்கு முன்பு கோயம்புத்தூர் போனபோது இடது முன்கையின் உள்பக்கம் ‘அம்மா’ என்று டாட்டூ குத்திக்கொண்டேன். இப்போது தோல் உரிகிறது, அரிப்பு தாங்கவில்லை, எழுத்து வெளிறித் தெரிகிறது. ‘ம்’ மேல் இருந்த பொருக்கு ஸ்வெட்டரில் ஒட்டிப் பிய்ந்து வந்துவிட்டது. அம்மாவுக்கு விஷயம் தெரியாது. மாப்பிள்ளை பார்க்கும் நேரத்தில் இது தேவையா என்பார். அதனால் ராத்திரியில்கூட ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை. அம்மா முப்பது வருடம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர், முட்டி தேய்ந்துவிட்டது. தினமும் நான்தான் தைலம் தேய்த்துவிடுவேன். கை சுளுக்கிவிட்டது என்று சொல்லி அதையும் நிறுத்தியிருக்கிறேன். அவரோ வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுக்க வருகிறார், தட்டிக்கழிப்பது பெரும்பாடாக இருக்கிறது. டாட்டூ கெடாமல் ஆற என்ன செய்ய வேண்டும்?
பெயர் வேண்டாம், நீலகிரி மாவட்டம்.

பதில்: தங்கச்சி,

வீட்டுக்குத் தெரியாமல் டாட்டூ குத்திக்கொண்டு எனக்கு எழுதுகிற முதல் ஆள் நீ இல்லை. காதலன் பெயர், சாமி படம், செத்துப்போன நாயின் முகம் என்று எத்தனையோ பார்த்துவிட்டேன். உன் கடிதத்தில் நான் நின்றது டாட்டூவில் இல்லை, ஒத்தடத்தில்.

முட்டி தேய்ந்த ஒரு அம்மா, இந்தக் குளிரில், அடுப்படியில் நின்று தண்ணீர் காய வைக்கிறார். அதைத் தூக்கிக்கொண்டு உன் கட்டில்வரை நடந்து வருகிறார். எதற்கு? உனக்கு இல்லாத சுளுக்குக்கு. நீ வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறாய். மறுநாளும் வைக்கிறார். இதைத்தான் ‘பெரும்பாடு’ என்று எழுதியிருக்கிறாய். யாருக்குப் பெரும்பாடு, உனக்கா, அவருக்கா?

இன்னொன்றும் கேட்கிறேன். டாட்டூ இடது கையில். வலது கைக்கு என்ன ஆயிற்று? அது சும்மாதானே இருக்கிறது? முட்டிக்குத் தைலம் தேய்க்க ஒரு கை போதும். பத்து ராத்திரி அவர் வலியோடு படுத்திருக்கிறார், நீ பக்கத்து அறையில் ‘அம்மா’ என்று எழுதிய கையை மூடிக்கொண்டு படுத்திருக்கிறாய். பெற்றவர்களை முதுமையில் கையால் தொட்டுப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை. அதற்குப் பதிலாக வைக்கக்கூடியது ஒன்றும் இல்லை, தோலில் எழுதிய எழுத்து உட்பட. கடுமையாக இருக்கலாம். நான் அப்படித்தான் நம்புகிறேன்.

சரி, புண்ணுக்கு வருகிறேன். ஏனென்றால் அதுவும் இந்தப் பொய்யால்தான் கெடுகிறது.

டாட்டூ ஊசி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு, தோலின் இரண்டாவது அடுக்கு வரை மையை இறக்குகிறது. அது ஆறும்வரை திறந்த புண். மேல்தோல் மூட இரண்டு மூன்று வாரம் ஆகும், உள்ளே முழுதாக ஆறச் சில மாதங்கள். நாலைந்தாம் நாளில் தொடங்கி இரண்டு வாரம்வரை உரிவதும் அரிப்பதும் எல்லோருக்கும் உண்டு. வெளிறித் தெரிவது மேலே புதுத்தோல் மூடுவதால், ஒரு மாதம் கழித்துத்தான் நிறத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் பொருக்கு பிய்ந்த அந்த ‘ம்’ வேறு விஷயம். தானாக உதிர வேண்டியது இழுபட்டால் மையும் சேர்ந்து வந்துவிடும், அந்த இடம் திட்டாக நிற்கலாம். முழுதாக ஆறிய பிறகு, குத்தியவரிடமே போய்ச் சரிசெய்துகொள்ளலாம். அதற்கு முன் அங்கே ஊசி படக் கூடாது.

பிய்த்தது எது? கம்பளி. பகலும் இரவும் உரசுகிறது, நார் பொருக்கில் சிக்குகிறது, வியர்வையை உள்ளேயே வைத்துக்கொள்கிறது. குளிருக்கு ஸ்வெட்டர் போடாமல் இரு என்று உங்கள் ஊரில் யாரும் சொல்ல முடியாது. உள்ளே தளர்வான, துவைத்த பருத்திச் சட்டை ஒன்று முழுக்கையாகப் போட்டு, அதன் மேல் ஸ்வெட்டர் போடு. பனிமூட்ட நாளில் துணி காயாது என்பது தெரிந்ததுதான். அரை ஈரச் சட்டையைப் புண்மேல் போடாதே, இஸ்திரிப் பெட்டியால் நன்றாகக் காய வைத்துப் போடு. துணி ஒட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காமல், காய்ச்சி ஆற வைத்த தண்ணீரால் நனைத்து மெதுவாக எடு.

காலையும் மாலையும் கையைக் கழுவிவிட்டு, வாசனையில்லாத மிதமான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு விரலால் மட்டும் கழுவு. ஊற்றுத் தண்ணீரோ ஓடைத் தண்ணீரோ என்றால் கொதிக்க வைத்து ஆற்றியது. சுத்தமான துணியால் ஒற்றியெடு, தேய்க்காதே. வாசனையில்லாத லோஷன் மெல்லிசாக ஒரு பூச்சு போதும். அப்பிவிட்டால் புண் ஊறும். மலையில் குளிப்பவர்கள் தோல் சிவக்கச் சிவக்க வெந்நீர் ஊற்றுவார்கள், அந்தக் கையில் அது வேண்டாம். ஒத்தடமும் கூடாது. சூட்டோடு ஈரத்துணியை அழுத்தினால் உரிகிற தோலுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. உன் அம்மா அன்பாகச் செய்ய வருவது உன்னைக் கெடுக்கும் என்ற நிலைக்கு அவரைக் கொண்டுவந்தது யார்?

அரித்தால் உள்ளங்கையால் லேசாகத் தட்டு. நகம் படக் கூடாது. நீலகிரியில் தலைவலி முதல் சளி வரை எல்லாவற்றுக்கும் தைலப் பாட்டிலைத் தேடுவார்கள். இந்தப் புண்ணில் ஒரு சொட்டும் படக் கூடாது, எரிச்சலூட்டிப் புண்ணாக்கிவிடும். மஞ்சளும் வேண்டாம்.

வெயில்? குளிராக இருப்பதால் உறைக்காது, ஆனால் சுடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும் என்பது கணக்கு. கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆறும்வரை துணியால் மூடு, ஆறிய பிறகு சன்ஸ்கிரீன் போடு.

சுற்றிலும் சிவப்பு பரவினால், தொட்டால் சூடாக இருந்தால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், சிவப்புக் கோடு கையில் ஏறினால் அன்றைக்கே டாக்டரிடம் போ. மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்காதே. ஊசியை உன் கண்முன் பிரித்தார்களா என்பது நினைவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல், மஞ்சள் காமாலைக் கிருமிகள் ஊசி வழியாக வரக்கூடியவை. டாட்டூ குத்தி 12 மாதம் ஆகும்வரை நீ ரத்ததானம் செய்யக் கூடாது என்பது நம் நாட்டு நெறிமுறை. நாளை அம்மாவின் முட்டிக்கு ஆபரேஷன் என்றால், ரத்தம் கொடுக்க முதலில் நிற்க வேண்டியவள் நீ. நிற்க முடியாது. இதையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

பச்சை குத்துவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. உங்கள் மலையிலேயே அந்தக் காலத்துப் படுகர் பெண்கள் நெற்றியிலும் முன்கையிலும் குத்தியிருப்பார்கள், தோடர் பெண்களுக்குப் புள்ளிகள் இருக்கும். சமவெளியில் குறத்தி வந்து திண்ணையில் உட்கார்ந்து குத்துவாள், வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். உன் அம்மா கையிலேயே பழைய பச்சை ஒன்று இருந்தால்கூட நான் ஆச்சரியப்பட மாட்டேன். பார்த்திருக்கிறாயா? ‘அம்மா’ என்ற எழுத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று எழுந்துபோகிற மாப்பிள்ளை வீட்டார் போகட்டும். அவர்களுக்குப் பயந்து அம்மாவிடம் பொய் சொல்லாதே.

இன்று ராத்திரி அவர் அடுப்பைப் பற்ற வைக்கும் முன் நீ போய் ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக் காட்டு. சுளுக்கு பொய் என்று முதலில் சொல், டாட்டூவைப் பிறகு சொல். திட்டுவார். வாங்கிக்கொள், திட்டுகிற உரிமை அவருக்கு உண்டு. எதிர்த்துப் பேசாதே, ‘உன் பெயர்தானே’ என்று கொஞ்சாதே. அப்புறம் சட்டைக் கையை இறக்கி இடது கையை மூடிக்கொண்டு, வலது உள்ளங்கையில் தைலத்தை ஊற்று. இரண்டு முட்டிக்கும் தேய். முடிந்ததும் சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவு, அந்தக் கையால்தான் புண்ணுக்கு லோஷன் பூசப் போகிறாய்.