மணலில் கோள்களின் பாதை: முளை எங்கே, கயிறு எவ்வளவு?

கேள்வி: தரம் 9 பிள்ளைகளை உப்புவெளிக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், கோள்கள் சூரியனைச் சுற்றும் பாதையைக் கயிறும் முளையும் வைத்து வரைந்து காட்ட இருக்கிறேன். நீள்வட்டத்தை எவ்வளவு நீட்டி வரைய வேண்டும்? கோளின் வேகம் மாறுவதை எப்படிக் காட்டுவது? பூமி சூரியனுக்குக் கிட்டப் போகும்போதுதான் வெயில் காலம் என்று பல பிள்ளைகள் நம்புகிறார்கள். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.
- ஓர் ஆசிரியை, திருகோணமலை

பதில்: வணக்கம் டீச்சர். முதலில் நீட்டுகிற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். படங்களில் முட்டை மாதிரி இழுத்து வரைவதால் வந்த குழப்பம் இது. கோள்களின் பாதை கண்ணுக்கு வட்டமாகத்தான் தெரியும். சூரியன் நடுவில் இல்லை என்பதுதான் பிள்ளைகள் பார்க்க வேண்டிய விஷயம்.

பூமியின் பாதையை வரைய வேண்டாம். 4 மீட்டர் நீளத்தில் வரைந்தால் நீளத்துக்கும் அகலத்துக்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது. புதனை எடுங்கள். எட்டுக் கோள்களில் அதன் பாதைதான் வட்டத்திலிருந்து அதிகம் விலகியது.

அலை வந்துபோன ஈர மணலில் இரண்டு முளைகளை 82 செ.மீ. இடைவெளியில் அடியுங்கள். முடிச்சுப் போட்டபின் சுற்றளவு 4 மீட்டர் 82 செ.மீ. இருக்கும்படி கயிற்றை வளையமாகக் கட்டுங்கள். நைலோன் கயிறு இழுபடும், பருத்திக் கயிறு நல்லது. வளையத்தை இரண்டு முளையிலும் மாட்டி, ஒரு தடியால் விறைப்பாக இழுத்துப் பிடித்தபடி சுற்றி வந்தால் புதனின் பாதை கிடைத்துவிடும். காலையில் வெள்ளென போங்கள். வெயில் ஏறினால் மணல் காய்ந்து கோடு உதிர்ந்துவிடும்.

வரைந்து முடிந்ததும் ஒரு முளையைச் சூரியனாக வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள். இதை மறக்கவே கூடாது. அந்த இடத்தில் உண்மையில் எதுவும் இல்லை. முளை அங்கேயே நின்றால் அதற்கும் ஏதோ வேலை இருப்பதாகப் பிள்ளைகள் மனதில் பதிந்துவிடும். அப்புறம் அளவு நாடாவை அவர்கள் கையில் கொடுங்கள். பாதையின் நீளம் 4 மீட்டர், அகலம் 3.91 மீட்டர், பார்வைக்கு வட்டமேதான். ஆனால் சூரியனிலிருந்து ஒரு பக்கம் 1.59 மீட்டர், எதிர்ப்பக்கம் 2.41 மீட்டர். வானத்தில் இவை 4.6 கோடி கிலோமீட்டரும் கிட்டத்தட்ட 7 கோடி கிலோமீட்டரும்.

செவ்வாயை இதே நீளத்தில் வரைந்தால் நீள அகல வித்தியாசம் 2 செ.மீ.கூட இல்லை. தொலைநோக்கி வருவதற்கு முன்பு டைக்கோ பிராகே வெறும் கண்ணால் எடுத்து வைத்த அளவுகளிலிருந்து அதைப் பிடித்து, 1609இல் உலகுக்குச் சொன்னவர் கெப்ளர். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வேகத்தைக் காட்ட ஒரு பிள்ளையைக் கோட்டின் மேல் குதிக்காலும் விரலும் ஒட்டினாற்போல் அடி வைத்து நடக்கவிடுங்கள். மற்றவர்கள் ஒரே தாளத்தில் கைதட்டட்டும். சூரியனுக்குக் கிட்ட ஒரு தட்டுக்கு மூன்றடி, தூரத்தில் இரண்டடி, இடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைத்து. புதனின் வேகம் செக்கனுக்கு 59 கிலோமீட்டரிலிருந்து 39 கிலோமீட்டர் வரை மாறுவதால், இந்த மூன்றுக்கு இரண்டு கணக்கு நன்றாகவே பொருந்தும். ஏன் மாறுகிறது என்று கேட்பார்கள். மேலே எறிந்த பந்து ஏறும்போது வேகம் குறைந்து இறங்கும்போது கூடுகிறதே, அதே ஈர்ப்புத்தான் இங்கும். சூரியனை விட்டு விலகும்போது கோள் தளர்கிறது, நெருங்கும்போது விரைகிறது. பக்கவாட்டு வேகமும் இருப்பதால் சூரியனுக்குள் விழாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

வெயில் காலக் கதைக்கு உங்கள் ஊரே சாட்சி. பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வருவது ஜனவரி தொடக்கத்தில், 14.7 கோடி கிலோமீட்டரில். அப்போது திருகோணமலையில் வாடைக்காற்றும் மழையும். மிகத் தூரம் போவது ஜூலை தொடக்கத்தில், 15.2 கோடி கிலோமீட்டர். அப்போதுதான் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடித்து ஊர் காய்கிறது. பருவங்களுக்கு அடிப்படைக் காரணம் பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பது. எந்த மாதம் எந்தப் பக்கத்தில் வெயில் நிமிர்ந்து விழுகிறது என்பதை அந்தச் சாய்வு தீர்மானிக்கிறது. பருவக்காற்று திசை மாறுவதும் அதனால்தான்.

பூமியின் வேகமும் மாறுகிறது என்பதை மணலில் காட்ட முடியாது, கலண்டரில் காட்டலாம். பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகும் மார்ச் 20இலிருந்து செப்டெம்பர் 22 வரை எண்ணச் சொல்லுங்கள்: 186 நாள். அங்கிருந்து அடுத்த மார்ச் 20 வரை 179 நாள்தான். ஜனவரியை உள்ளடக்கிய பாதியைப் பூமி வேகமாகக் கடந்துவிடுகிறது. கடற்கரைக்குப் போகும் முதல்நாளே வகுப்பில் இதை எண்ண வைத்துவிடுங்கள். ஏன் சமமாக இல்லை என்ற கேள்வியோடு பிள்ளைகள் மணலுக்கு வரட்டும்.