குன்றின் அடியில் ஏழு பேர்: ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா கேள்வி பதில்

கார்னெல் பல்கலைக்கழகத்தில் கருப்பின மாணவர்கள் 1906-இல் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா ஃப்ரட்டர்னிட்டி பற்றி, அதுதான் 'முதல் கருப்பின ஃப்ரட்டர்னிட்டி' என்று போன மாதம் பேச்சுவாக்கில் நான்கு வரி எழுதினேன். கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. கார்னெல் இருக்கும் இத்தாக்கா ஊரில் இரண்டு வருடம் குளிரில் நடுங்கியவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

செந்தில், கரூர்: முதல்ல ஃப்ரட்டர்னிட்டின்னா என்ன சார்? ஹாஸ்டலா, சங்கமா?

இரண்டும் கலந்தது. பெரும்பாலும் சொந்தமாக ஒரு வீடு இருக்கும். உறுப்பினர்கள் அதில் தங்குவார்கள். ஆனால் காசு கட்டியவரெல்லாம் சேர முடியாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் பார்த்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்ந்துவிட்டால் 'சகோதரர்' என்ற உறவு பட்டத்தோடு முடியாது, ஆயுசுக்கும் உண்டு. வேலை சிபாரிசு, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் வந்து நிற்பார்கள். பெண்களுடையது சொராரிட்டி.

மீனாட்சி, தேவகோட்டை: அமெரிக்காக்காரர்கள் ஏன் கிரேக்க எழுத்தில் பெயர் வைக்கிறார்கள்?

1776 டிசம்பரில் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் சில மாணவர்கள் ஒரு ரகசிய சபை தொடங்கினார்கள். அதன் கிரேக்கக் குறிக்கோள் வாசகத்தின் முதல் எழுத்துகள்தான் ஃபை பீட்டா காப்பா. அந்தக் காலத்தில் கல்லூரிக்குப் போனவன் கிரேக்கம் படித்தாக வேண்டும். நம் ஊரில் படித்தவர் என்று காட்ட வடமொழியை எடுத்துவிடுவார்களே, அந்த மாதிரி. பிறகு 1825-இல் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் காப்பா ஆல்ஃபா வந்தது. இன்று நாம் காணும் ஃப்ரட்டர்னிட்டியின் மூதாதை அதுதான்.

ராஜ்குமார், கோவை: கார்னெலில் என்ன நடந்தது? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள் அண்ணா.

கார்னெல் 1865-இல் தொடங்கியது. யாரும் வந்து எதையும் படிக்கலாம் என்பதுதான் அதன் நிறுவனர் வாக்கு. அனுமதியில் அந்த வாக்கு ஓரளவு பலித்தது. குடியிருப்பில் பலிக்கவில்லை. பல்கலைக்கழகம் இருப்பது குன்றின் மேல். கருப்பின மாணவர்கள் கீழே ஊருக்குள் கருப்பினக் குடும்பங்களின் வீடுகளில் அறை எடுத்துத் தங்கினார்கள். காலையில் ஏறி மாலையில் இறங்க வேண்டும். ஜனவரிப் பனியில் நானே அந்த ஏற்றத்தில் இரண்டு முறை சறுக்கி விழுந்திருக்கிறேன், அதுவும் நல்ல பூட்ஸ் போட்டுக்கொண்டு.

1904–05 கல்வியாண்டில் படித்த கருப்பின மாணவர்களில் ஆறு பேர் அடுத்த ஆண்டு திரும்பி வரவில்லை. மிச்சமிருந்தவர்களை உலுக்கியது இதுதான். சேர்ந்து படிக்க ஆள் இல்லை, வெள்ளைக்கார மாணவர்களின் குழுக்களில் இடம் இல்லை. 1905–06-இல் பாய்ண்டெக்ஸ்டர் என்ற முதுநிலை மாணவர் எல்லோரையும் கூட்டினார். சேர்ந்து படிப்பதும் இலக்கியம் பேசுவதும் என்று ஆரம்பித்தது. கூட்டம் நடந்தது அவரவர் அறைகளில், பிறகு சிங்கிள்டன் குடும்பத்தின் வீட்டில்.

அங்கேயே ஒரு பிணக்கும் வந்தது. இலக்கியச் சங்கமாகவே இருக்கலாம் என்று ஒரு தரப்பு. ஃப்ரட்டர்னிட்டி ஆகிவிட வேண்டும் என்று மறு தரப்பு. மாதக்கணக்கில் இழுத்தது. வேடிக்கை என்னவென்றால், 1906 அக்டோபர் கடைசியிலேயே ஊரில் ஃப்ரீமேசன் சங்கத்தின் கூடத்தை வாடகைக்கு எடுத்துப் புது ஆட்களைச் சேர்த்துச் சடங்கும் நடத்திவிட்டார்கள். ஃப்ரட்டர்னிட்டிதான் என்று தீர்மானமானது டிசம்பர் 4-ஆம் தேதி. நிறுவன நாளாகக் கொண்டாடுவது அதைத்தான். பிள்ளை பிறந்த பிறகு கல்யாணத் தேதி குறித்த மாதிரி என்று கிண்டல் செய்யலாம், அவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

ஷாஜகான், காயல்பட்டினம்: பாய்ண்டெக்ஸ்டர் பெயர் நிறுவனர் பட்டியலில் இல்லையே?

இல்லை. அவர் வேலைக்காக வர்ஜீனியாவின் ஹாம்ப்டனுக்குப் போய்விட்டார். கூட்டிச் சேர்த்தவர் வெளியே நிற்க, பட்டியலில் ஏழு பேர். அதிலும் யூஜின் கிங்கில் ஜோன்ஸ் அந்த அக்டோபர் சடங்கில் உள்ளே வந்தவர். நிறுவனர் என்ற அந்தஸ்து அவருக்குப் பிற்காலத்தில்தான் கிடைத்தது. ஆனால் அவருக்குத் தந்ததில் தப்பே இல்லை என்பேன். 1907 டிசம்பர் விடுமுறையில் அவர் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய் இரண்டாவது கிளையையும், தன் ஊரான ரிச்மண்டில் வர்ஜீனியா யூனியன் பல்கலைக்கழகத்தில் மூன்றாவதையும் தொடங்கி வைத்தார். அது நடக்காமல் இருந்திருந்தால் இது இத்தாக்காவோடு முடிந்த கதை.

கவிதா, நாமக்கல்: அந்த ஏழு பேரும் பிறகு என்ன ஆனார்கள்?

அவர்களை 'ஏழு ரத்தினங்கள்' என்பார்கள். ஹென்றி காலிஸ் மருத்துவர். சார்ல்ஸ் சாப்மன் வேளாண் பேராசிரியர். ஜார்ஜ் கெல்லி நியூயார்க் மாநிலத்தில் பதிவு பெற்ற முதல் கருப்பினப் பொறியாளர். நத்தானியல் மர்ரே வாஷிங்டனில் ஆசிரியர். ராபர்ட் ஓகிள் அமெரிக்க செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் பணியாற்றினார். கருப்பும் பழந்தங்கமும் என்ற நிறம் அவர் யோசனை. ஜோன்ஸ், கருப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான அமைப்பான தேசிய அர்பன் லீகை இருபது வருடத்துக்கு மேல் நடத்தினார்.

எனக்குப் பிடித்தவர் வெர்ட்னர் டாண்டி, கட்டடக் கலைஞர். தலைமுடிப் பராமரிப்புப் பொருள் விற்றுப் பெரும் பணக்காரியான மேடம் வாக்கருக்கு ஹட்சன் ஆற்றுக்கு அருகே 'வில்லா லெவாரோ' மாளிகையை அவர்தான் வடிவமைத்தார். வெள்ளைக்காரச் செல்வந்தர்கள் குடியிருந்த இடத்தின் நடுவே கருப்பினப் பெண்ணுக்கு ஒரு மாளிகை! ஹார்லெமில் புனித பிலிப் தேவாலயமும் அவர் கைவண்ணம்.

பெயர் வேண்டாம், சேலம்: 'முதல் கருப்பின ஃப்ரட்டர்னிட்டி' என்பது மிகையில்லையா?

நியாயமான சந்தேகம். 1904-லேயே ஃபிலடெல்ஃபியாவில் சிக்மா பை ஃபை இருந்தது. ஆனால் அது டாக்டர் போன்ற தொழில்காரர்களுக்கு. 1903-இல் இண்டியானாவில் மாணவர்கள் ஒன்று முயன்றார்கள், நிலைக்கவில்லை. பல கல்லூரிகளில் கிளைவிட்டு நிலைத்த முதல் மாணவர் அமைப்பு என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

பிரபு, தஞ்சாவூர்: ஜாலியாகக் கூடியது தவிர உருப்படியாக ஏதாவது செய்தார்களா?

தம்பி, ஒரு திரைச்சீலைக் கதை சொல்கிறேன். 1942-இல் எல்மர் ஹெண்டர்சன் என்பவர் சதர்ன் ரயில்வேயில் பயணம் போனார். சாப்பாட்டுப் பெட்டியில் சமையலறையை ஒட்டிய இரண்டு மேசைகள்தான் கருப்பினத்தவருக்கு, நடுவே திரை. அன்று அந்த மேசைகளிலும் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஹெண்டர்சனுக்குச் சாப்பாடே கிடைக்கவில்லை. எட்டு வருட வழக்கு. உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய பெல்ஃபோர்டு லாசன் அப்போது ஆல்ஃபாவின் தலைவர், ஹெண்டர்சனும் உறுப்பினர்தான். 1950 ஜூனில் ஜெயித்தார்கள்.

அதற்கு முன்னாலேயே, மேரிலாண்ட் சட்டக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்ட டொனால்டு மர்ரேயின் வழக்கு 1936-இல் வென்றது. வாதாடிய சார்ல்ஸ் ஹூஸ்டனும் தர்குட் மார்ஷலும் இவர்கள் ஆட்களே. மார்ஷல் பிறகு உச்ச நீதிமன்றத்தின் முதல் கருப்பின நீதிபதி. 'வாக்கில்லாத மக்கள் நம்பிக்கையில்லாத மக்கள்' என்று வாக்குரிமைப் பிரச்சாரமும் நடத்தினார்கள்.

அனிதா, மதுரை: ராகிங் உண்டா?

உண்டு, மழுப்ப விரும்பவில்லை. அங்கே அதன் பெயர் ஹேசிங். சேர விரும்புகிறவரை வாரக்கணக்கில் வதைப்பது எல்லா ஃப்ரட்டர்னிட்டிகளையும் பிடித்த நோய். 1990-இல் கருப்பின அமைப்புகள் கூடி, அந்தப் பழைய சேர்க்கை முறையையே ரத்து செய்தன. ரகசியமாகத் தொடர்வது வேறு விஷயம். நம்மிடமும் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்ததே, அதோடு நின்றுவிட்டதா?

ஜோசப், நாகர்கோவில்: மார்ட்டின் லூதர் கிங் உறுப்பினரா ஐயா?

ஆமாம். 1952-இல் பாஸ்டனில் படித்தபோது சேர்ந்தார். அவருக்கு வாஷிங்டனில் நினைவிடம் வேண்டும் என்று 1984-இல் பேச்சை எடுத்ததும் ஆல்ஃபாதான். நாடாளுமன்ற அனுமதி 1996-இல், திறப்பு 2011-இல். செலவு சுமார் 12 கோடி டாலர். விலாசம் இண்டிபெண்டன்ஸ் அவென்யூ, கதவு எண் 1964: இனப் பாகுபாட்டைத் தடை செய்த சிவில் உரிமைச் சட்டம் நிறைவேறிய ஆண்டு.