தியாகம் என்னும் சொல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஏப்ரல் 14 அன்று எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில், பணியில் மாண்ட வீரர்களுக்காக நீத்தார் நினைவு நாள் அனுசரித்தார்கள். புத்தாண்டு என்பதால் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த நானும் சற்று நின்றேன். மலர்வளையம், மௌன அஞ்சலி, அவ்வளவுதான். ஆபத்து தெரிந்தே இந்த வேலைக்கு வருகிறவர்கள் இவர்கள். அந்தத் தியாகத்தை வணங்குவதைத் தவிர நாம் வேறென்ன செய்ய முடியும்?

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

நீங்கள் நின்றது நல்ல காரியம். ஆனால் இந்த மரணங்களைத் தியாகம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்புவதில்லை. அப்படிச் சொன்ன மாத்திரத்தில், அவர்கள் ஏன் இறந்தார்கள் என்ற கேள்வி அடங்கிவிடுகிறது.

நீங்கள் நின்ற அந்த நாள் எதன் நினைவாக வந்தது என்பதையே எடுத்துக்கொள்வோம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தின் விக்டோரியா துறையில் நின்றிருந்த ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற சரக்குக் கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருளும், ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளும் இருந்தன. பஞ்சோடு வெடிபொருளை ஏற்றியது தீயை அணைக்க வந்தவர்கள் அல்ல. பிற்பகல் இரண்டு மணியளவில் புகை தெரிந்தது. தீயணைப்பு வீரர்கள் தளத்தில் நின்றபடி நூற்றுக்கணக்கான டன் தண்ணீரை உள்ளே பாய்ச்சியும் தீ அடங்கவில்லை. கப்பலின் இரும்புப் பக்கத்தில் பூச்சு கொப்பளித்தது, கப்பலெங்கும் நீர் கொதித்தது. பக்கத் தகட்டை அறுக்கக் கொண்டுவந்த கருவி வேலை செய்யவில்லை. கப்பலைக் கடலுக்கு இழுத்துச் செல்வதா, அங்கேயே மூழ்கடிப்பதா என்று தீர்மானிக்க வேண்டிய அதிகாரிகள் கடைசிவரை தீர்மானிக்கவில்லை. மாலை 4.06 மணிக்குக் கப்பல் வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் 66 பேர் மாண்டார்கள். தீயை அணைத்துவிட்டு வீடு திரும்பத்தான் அவர்கள் வந்தார்கள், சாவதற்கு வரவில்லை.

நம் ஊர்களிலும் இதுதான் நடக்கிறது. 2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூரில் ஒரு பேக்கரித் தீயை அணைக்கப் போன வீரர், உள்ளே சிலிண்டர் வெடித்து இறந்தார். வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்களும் தீக்காயம் பட்டார்கள். 2020 தீபாவளியை ஒட்டி மதுரை விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடை எரிந்த இரவில், பழைய கட்டடம் இடிந்து விழுந்து இரண்டு வீரர்கள் பலியானார்கள். அந்தச் சிலிண்டரையோ சுவரையோ அவர்கள் அங்கே கொண்டுவரவில்லை.

வேறென்ன செய்ய முடியும் என்று கேட்டீர்கள். மறுபடி அந்த நிலையத்துக்குப் போய், ஊரில் எந்தெந்தத் தெருவுக்குள் வண்டி நுழையாது என்று நிலைய அலுவலரிடம் கேளுங்கள். அந்தத் தெருக்களில் உங்களுக்குத் தெரிந்த கடைக்காரர்கள் இருப்பார்கள். மாடிப்படியில் அடுக்கிய சரக்கை அவர்கள் எடுக்க வேண்டும். தீப்பிடித்தால் வாசலிலேயே நின்று, உள்ளே ஆள் உண்டா, எத்தனை சிலிண்டர், எந்தச் சுவர் பழையது என்பதை முதலில் இறங்கும் வீரரிடம் சொல்ல வேண்டும்.