பசுமை ஃபண்ட்: லாபத்துக்கா, மனநிறைவுக்கா?

கேள்வி: சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத நிறுவனங்களில் மட்டும் முதலீடு செய்வதாகச் சொல்லும் ஃபண்டுகளைத் தனிநபர்கள் எதற்காக வாங்குகிறார்கள்? லாபம் கூடுதலாக வருமா?

பதில்: வரும் என்று நம்பி வாங்குபவர்கள் உண்டு, வராது என்று தெரிந்தே வாங்குபவர்களும் உண்டு. நெதர்லாந்து முதலீட்டாளர்களைப் பற்றி ரீடல், ஸ்மீட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஃபண்டுகளை வைத்திருந்தவர்கள் வருமானம் குறைவாகவே வரும் என்று எதிர்பார்த்தார்கள்; கட்டணமும் கூடுதலாகக் கட்டினார்கள். நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்ற ஆசையும் அதில் கலந்திருந்தது. அதில் தப்பில்லை.

லாபம் வரும் என்று நம்பும் முதல் வகையினர்தான் ஏமாறுகிறார்கள். 2016-ல் ஃபண்டுகளை மதிப்பிடும் மார்னிங்ஸ்டார் நிறுவனம், சூழல், சமூக அக்கறையில் ஒவ்வொரு ஃபண்டும் எப்படி என்று காட்ட, ஒன்று முதல் ஐந்து வரை உலக உருண்டைப் படங்களை மதிப்பெண்ணாகப் போட ஆரம்பித்தது. ஐந்து உருண்டை வாங்கியவற்றில் பணம் கொட்டியது, ஒற்றை உருண்டைக்காரர்களிடமிருந்து வெளியேறியது. உருண்டை கூடினால் லாபமும் கூடும் என்று முதலீட்டாளர்கள் நினைத்திருக்கிறார்கள். அப்படிக் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 10% வளர்ந்தால் 100 ரூபாய் 20 ஆண்டில் 673 ஆகும். கட்டணத்தில் 1% போய் 9% ஆனால் 560 தான். அந்த 113 ரூபாய் உங்கள் மனநிறைவின் விலை. சம்மதம் என்றால் வாங்கலாம்.

கேள்வி: ஒரே நிறுவனத்துக்கு ஒருவர் நல்ல ஈஎஸ்ஜி (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) மதிப்பெண் தருகிறார், இன்னொருவர் சுமார் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: மதிப்பெண்ணை மட்டும் நம்பி யாரையும் நம்ப வேண்டாம். ஆறு மதிப்பீட்டு நிறுவனங்களை ஒப்பிட்ட ஆய்வில், அவற்றின் மதிப்பெண்களுக்கு இடையிலான ஒட்டுறவு சராசரியாக 0.54 தான் (முழுதாக ஒத்துப்போனால் 1 இருக்கும்). ஒருவர் அளப்பதை இன்னொருவர் அளப்பதில்லை. அளந்தாலும் அளவுகோல் வேறு. இன்னொரு சூட்சுமம்: சில மதிப்பெண்கள் நிறுவனம் உலகத்துக்குச் செய்யும் கேட்டை அளப்பதே இல்லை, சூழல் பிரச்னைகளால் நிறுவனத்தின் லாபத்துக்கு வரும் ஆபத்தைத்தான் அளக்கின்றன. எண்ணெய் கம்பெனிகூட நல்ல மதிப்பெண் வாங்குவது இப்படித்தான்.

ஃபண்டின் பங்குப் பட்டியலைத் திறந்து முதல் பத்துப் பெயர்களைப் படியுங்கள். சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டின் முதல் பத்தோடு ஏழெட்டுப் பெயர் ஒத்துப்போனால், கூடுதல் கட்டணம் பெரும்பாலும் பெயர்ப்பலகைக்குத்தான். அடுத்து விலக்கு விதி. 'நிலக்கரியைத் தவிர்க்கிறோம்' என்றால் போதாது. நிலக்கரி வருமானம் எத்தனை சதவீதத்தைத் தாண்டினால் தவிர்ப்பார்கள் என்று எழுதியிருக்க வேண்டும்.

சந்தையில் பங்கு வாங்கும்போது உங்கள் பணம் போவது விற்றவரின் கைக்கு, நிறுவனத்துக்கு அல்ல. ஆகவே நிறுவனத்தை மாற்ற வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால், பங்குதாரர் கூட்டத்தில் ஃபண்ட் எப்படி வாக்களித்தது என்ற அறிக்கையைத்தான் முதலில் தேடுங்கள்.