கீழாநெல்லி வாங்கும்போது கிளையைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: காலைச் சந்தையில் இரண்டு கட்டு கீழாநெல்லி வாங்கினேன். ஒரு கட்டின் தண்டு சிவந்திருக்கிறது. அது கீழாநெல்லியே இல்லை என்கிறார் என் மாமியார். விற்றவரோ இரண்டும் ‘டுக்கோங் அனாக்’தான் என்று சாதிக்கிறார். யார் சொல்வது சரி? என் கணவருக்குக் கண் மஞ்சளாக இருக்கிறது, அதற்காகத்தான் வாங்கினேன்.
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அம்மா, முதலில் உங்கள் கடைசி வரிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கணவரை இன்றே கிளினிக்குக்கு அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கண் மஞ்சளாவதற்குக் கல்லீரல் அழற்சி காரணமாக இருக்கலாம், பித்தக் குழாயை அடைத்த கல்லாக இருக்கலாம், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைக் கீழாநெல்லி விரட்டுகிறது என்று 1988இல் சென்னை ஆய்வாளர்கள் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதியபோது பெரும் நம்பிக்கை பிறந்தது உண்மைதான். ஆனால் அதன்பின் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பு 2011இல் வெளியிட்ட மதிப்பாய்வு, பலனுக்கு உறுதியான சான்று இல்லை என்றே முடித்தது. கட்டு அடுப்படியில் காத்திருக்கட்டும். கணவர் காத்திருக்கக் கூடாது.

இனி செடிக்கு வருவோம். விற்றவர் பொய் சொல்லவில்லை. மலாய்க்காரர்கள் இந்த இனத்துச் சிறு செடிகள் சிலவற்றை அந்த ஒரே பெயரில்தான் அழைக்கிறார்கள். உங்கள் மாமியாரின் கண்ணும் பிசகவில்லை. சிவந்த தண்டுச் செடி பெரும்பாலும் ‘ஃபில்லாந்தஸ் யூரினேரியா’. நம்மவர்கள் சிவப்புக் கீழாநெல்லி என்பது அதைத்தான். நாம் வழக்கமாகத் தேடுவது ‘ஃபில்லாந்தஸ் அமாரஸ்’. ஆனால் வெயில் பட்டால் எந்தத் தண்டும் கொஞ்சம் சிவக்கும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்.

காயைப் பாருங்கள். ஒரு கிளையைக் கிள்ளி, தலைகீழாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். இலைகளுக்கு அடியில் கடுகளவு காய்கள் வரிசையாக இருக்கும். நம் கீழாநெல்லியில் ஒவ்வொரு காயும் சிறு காம்பில் தொங்கும்; தோல் வழவழப்பாக இருக்கும். சிவப்புச் செடியில் காம்பு இருப்பதே தெரியாது. காய் கிளையோடு ஒட்டிக்கொண்டு, தோல் சொரசொரவென்று கரணை கரணையாக இருக்கும். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்குங்கள், பளிச்சென்று தெரிந்துவிடும். காயே இல்லாத இளஞ்செடியை வாங்காதீர்கள். அடையாளம் தெரியாத செடியை வாயில் போட்டுக் கசப்பு பார்ப்பதும் வேண்டாம்.

மாலையில் இந்த இலைகள் தாமாகவே மடிந்துகொள்ளும். இரவுச் சந்தையில் வாங்கினால் வாடிவிட்டது என்று எண்ணி ஒதுக்க வேண்டியதில்லை. நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. எங்கே பறித்தது என்று கட்டாயம் கேளுங்கள். செம்பனைத் தோட்டத்திலும் சாலையோரத்திலும் களைக்கொல்லி தெளிப்பார்கள். தெளித்துச் சில நாள் வரை செடி பச்சையாகவே நிற்கும், பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: இணையத்தில் 89 ரிங்கிட்டுக்குக் கீழாநெல்லி மாத்திரைக் குப்பி வாங்கினேன். ‘சிறுநீரக நோயைக் குணப்படுத்தும்’ என்று போட்டிருக்கிறது. பதிவு எண் எதுவும் இல்லை. நம்பலாமா?
– வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: கூடாது. பொடியாக்கிய பின் எந்தச் செடி என்று நம் கண்ணால் சொல்ல வழியே இல்லை. அதனால்தான் பதிவு எண் தேவைப்படுகிறது. மலேசியாவில் பாரம்பரிய மருந்தின் எண் ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கும்; எட்டு இலக்கங்களுக்குப் பின் ‘டி’ (T) என்ற எழுத்து வரும். தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். குப்பியில் உள்ள அதே பெயர் வர வேண்டும். மேலும், சிறுநீரக நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதே 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டப்படி குற்றம். குப்பி, ரசீது, விளம்பரத்தின் படம் மூன்றையும் பத்திரப்படுத்தி, சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் செய்யுங்கள். விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறார்கள்; வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணம் 5 ரிங்கிட்தான்.

கேள்வி: வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?
– வாசகி, பிறை

பதில்: தாராளமாக. காய் முற்றிய செடியை வேரோடு வாங்கி, ஈரமண் நிரப்பிய தொட்டியின் மேல் கிடத்துங்கள். காய் காய்ந்து வெடித்து விதை தானே விழும். ஒருபருவச் செடி என்பதால் பூத்துக் காய்த்ததும் காய்ந்துவிடும். பறிக்கும்போது இரண்டு செடிகளை விட்டுவைத்தால், மறுபடி விதைக்கு அலைய வேண்டியதில்லை.