மூன்று வார இத்தாலி, மூன்று கிரெடிட்

வணக்கம் ஐயா,

என் மகள் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிவில் என்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுடைய பேராசிரியர் ஒருவர் வருகிற மே மாதம் பதினைந்து மாணவர்களை ரோமுக்கும் ஃப்ளாரன்சுக்கும் மூன்று வாரம் அழைத்துப்போய், பழைய கட்டுமானங்களைப் பற்றி ஒரு கோர்ஸ் நடத்துகிறாராம். மூன்று கிரெடிட். விமான டிக்கெட் நீங்கலாக 4,800 டாலர். இந்த மாதக் கடைசிக்குள் 500 டாலர் முன்பணம் கட்டவேண்டும், கட்டினால் திரும்பாது. அவள் கல்விக்கடனில்தான் படிக்கிறாள். இது படிப்பா, படிப்பு என்ற பெயரில் சுற்றுலாவா? உதவித்தொகை ஏதும் உண்டா? இந்தியப் பாஸ்போர்ட்டோடு இத்தாலி போய்விட்டு அமெரிக்கா திரும்புவதில் சிக்கல் வருமா? நாங்கள் சைவம், அதுவும் ஒரு கவலை.

ஒரு தகப்பன், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

படிப்பா சுற்றுலாவா என்பதை விளம்பரத் தாளை வைத்துச் சொல்லமுடியாது. எல்லா விளம்பரத்திலும் கொலோசியத்தின் முன்னால் மாணவர்கள் சிரித்துக்கொண்டுதான் நிற்பார்கள். சிலபஸைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அது கையில் இருந்தால் கொஞ்சம் கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம்.

அமெரிக்காவில் ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு, அதற்கு வெளியே இரண்டு மணி நேர உழைப்பு, இப்படிச் சுமார் பதினைந்து வாரம். மூன்று கிரெடிட்டுக்கு 45 மணி நேர வகுப்பும் 90 மணி நேரச் சொந்த உழைப்பும் சேர்ந்து 135 மணி நேரம் வரவேண்டும். மூன்று வாரத்தில் சனி, ஞாயிறு போக வேலை நாள் பதினைந்து. நாளுக்கு ஒன்பது மணி நேரம். காலையிலிருந்து வெயிலில் நடந்து கட்டடம் பார்த்த பிள்ளை, ராத்திரி உட்கார்ந்து ஆறு மணி நேரம் படித்து எழுதுவது நடக்கிற காரியமில்லை. அதனால் ஒழுங்காக அமைத்த கோர்ஸில் பாதிச் சுமை பயணத்துக்கு வெளியே இருக்கும். கிளம்புவதற்கு முந்தைய செமஸ்டரிலேயே நாலைந்து வகுப்புகளும் படிக்கவேண்டிய பகுதிகளும் இருக்கும். திரும்பிவந்த இரண்டு மூன்று வாரத்தில் ஓர் அறிக்கை கொடுக்கவேண்டியிருக்கும். இந்த இரண்டும் சிலபஸில் இல்லாமல், மதிப்பெண்ணில் பெரும்பகுதி 'பங்கேற்பு' என்று மட்டும் போட்டிருந்தால் உங்கள் சந்தேகம் சரி. அது சுற்றுலாதான்.

அடுத்ததாக, நாள்வாரித் திட்டத்தைப் பாருங்கள். 'காலை: பாந்தியன், மாலை: ஓய்வு' என்றிருந்தால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அந்த இடத்தில் மாணவர் என்ன செய்யவேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்பதே கேள்வி. பாந்தியன் ரோமில் உள்ள பழங்காலக் கோயில். அதன் குவிமாடம் 43 மீட்டருக்கு மேல் விட்டம் கொண்டது. உள்ளே கம்பியே கிடையாது. ஏறக்குறைய 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. கீழே கான்கிரீட்டில் கனமான கல்லைப் போட்டார்கள். மேலே போகப்போக இலேசான கல், உச்சியில் தண்ணீரில் மிதக்கிற எரிமலை நுரைக்கல். அடியில் ஆறு மீட்டர் கனமாக இருப்பது உச்சித் துளை விளிம்பில் ஒன்றேகால் மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நல்ல பேராசிரியர் மாணவர்களை உள்ளே விடுவதற்கு முன்பே இந்த எடைக்கணக்கைப் போட வைத்திருப்பார். உள்ளே போனதும் தரையைப் பார்க்கச் சொல்வார். அது நடுவில் இலேசாக மேடிட்டு, மேலே திறந்த துளை வழியாக விழும் மழைநீர் வடியச் சிறு ஓட்டைகளோடு இருக்கும்.

ஃப்ளாரன்ஸும் அப்படித்தான். அங்கே தேவாலயக் குவிமாடத்தை 1420இல் தொடங்கி 1436இல் முடித்தார்கள். தரையிலிருந்து முட்டுக்கொடுக்கும் சாரம் இல்லாமலே புருனெல்லெஸ்கி என்ற கட்டடக்கலைஞர் கட்டிய கூடு அது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு கூடு. உச்சிக்குப் போகும் 463 படிகளின் மேற்பகுதி அந்த இரண்டுக்கும் நடுவில் ஏறுகிறது. ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய இடுக்கு. சுவர் தோளோடு சேர்ந்து சாய்ந்துகொண்டே வரும். கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் செங்கல் வரிசை தெரியும். படுக்கையாக அடுக்கிய கற்களுக்கு நடுவே சீரான இடைவெளியில் ஒரு கல்லைச் செங்குத்தாக நிறுத்தியிருப்பார்கள். இத்தாலியர்கள் இதை 'மீன்முள்' என்றே சொல்கிறார்கள். சரிவு கூடக்கூட ஈரச் சாந்தில் கல் வழுக்கி உள்ளே விழாமல் பிடித்துக்கொள்வது இந்த நிற்கும் கற்கள்தான். இதை ஸ்லைடில் நூறு தடவை காட்டலாம். ஆனால் அந்த இடுக்கில் நின்று சாய்கோணத்தை அளந்து நோட்டில் குறித்த சிவில் மாணவிக்கு, வளைவு எப்படிச் சுமை தாங்குகிறது என்பது அப்புறம் மறக்காது. இந்த வகைக் கோர்ஸ்களை நான் மனதார ஆதரிப்பதற்கு இதுதான் காரணம். அந்தப் படிக்கட்டில் ஏற நேரம் குறித்து முன்பதிவு செய்தாகவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து பேருக்கு அந்தப் பதிவு எப்போது செய்யப்படும் என்று மகள் கேட்கட்டும். உடனே பதில் வந்தால் ஏற்பாடு கைதேர்ந்தவரிடம் இருக்கிறது என்று நம்பலாம்.

பேராசிரியர் மாணவர்களை வெளிநாடு அழைத்துப்போகும் இந்த வழக்கம் அமெரிக்காவில் நூறாண்டு பழையது. 1923இல் டெலவேர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ரேமண்ட் கிர்க்பிரைடு எட்டு மாணவர்களைக் கப்பலில் பிரான்சுக்கு அழைத்துப்போனார். அது ஓராண்டுப் படிப்பு. இன்று வெளிநாடு போய்ப் படிக்கும் அமெரிக்க மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கோடைகாலக் கோர்ஸிலோ எட்டு வாரத்துக்கு உட்பட்ட கோர்ஸிலோதான் போகிறார்கள். சொந்தப் பேராசிரியரே கூடப் போவதில் ஒரு பெரிய வசதி உண்டு. கோர்ஸ் எண் சொந்தப் பல்கலைக்கழகத்துடையது, கிரெடிட்டை மாற்றிக்கொள்ளும் தொல்லை இல்லை. ஆனால் மதிப்பெண்ணும் நேராக ஜிபிஏவில், அதாவது மொத்த மதிப்பெண் சராசரியில், ஏறும். பி மைனஸ் வாங்கினால் அதுவும் ஏறும்.

இனி பணம். 4,800 டாலரில் கல்விக்கட்டணம் சேர்த்தியா என்பதை முதலில் கேளுங்கள். பல இடங்களில் 'புரோகிராம் ஃபீ' என்பது தங்குமிடம், உள்ளூர்ப் போக்குவரத்து, நுழைவுச்சீட்டு ஆகியவற்றுக்கு மட்டும்தான். மூன்று கிரெடிட்டுக்கான கோடைக்காலக் கட்டணம் தனியாக வரும். அதுவும் வெளிமாநிலத்தவர் விகிதத்தில் வந்தால் தொகை எங்கேயோ போய்விடும். சாப்பாடு எத்தனை வேளை, விசாச் செலவு யாருடையது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 'எப்படியும் எடுக்கவேண்டிய கோர்ஸ், அங்கேயே முடித்துவிட்டால் செலவு மிச்சம்' என்று மகள் சொல்லக்கூடும். அவளுடைய பல்கலைக்கழகம் பன்னிரண்டு கிரெடிட்டுக்கு மேல் ஒரே கட்டணம் வாங்குகிற இடமாக இருந்தால் இந்த வாதம் நிற்காது. வழக்கமான செமஸ்டரில் அதே கோர்ஸைக் கூடுதல் செலவில்லாமல் சேர்த்துக்கொள்ளலாமே. ஒரு செமஸ்டர் முன்னதாகப் பட்டம் முடிக்க இது உதவினால் மட்டுமே உண்மையான மிச்சம்.

இந்த மூன்று கிரெடிட் பட்டத்தில் எந்த இடத்தை நிரப்புகிறது என்று அவளுடைய அட்வைசர் மின்னஞ்சலில் எழுதித் தரவேண்டும். வாய்மொழி போதாது. என்ஜினீயரிங் பாடத்திட்டத்தில் விருப்பப் பாடத்துக்கு இடம் மிகக் குறைவு. எந்த இடத்தையும் நிரப்பாமல் வெறும் கூடுதல் கிரெடிட்டாக நிற்கும் என்று பதில் வந்தால், கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளையை அனுப்பவேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. அதைச் சொல்ல நீங்கள் சங்கடப்படவேண்டியதில்லை.

உதவித்தொகையைப் பொறுத்தவரை, எல்லோரும் சொல்லும் கில்மன் உதவித்தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கும், அதிலும் வசதி குறைந்த மாணவர்களுக்கு அரசு தரும் பெல் கிராண்ட் பெறுபவர்களுக்கும்தான். உங்கள் மகளுக்குப் பொருந்தாது. வெளிநாட்டுக் கல்வி அலுவலகமும் என்ஜினீயரிங் கல்லூரியும் தங்கள் சொந்த நிதியிலிருந்து சிறு தொகைகள் கொடுப்பதுண்டு. குடியுரிமை நிபந்தனை இல்லாதது எது என்று இரண்டு இடத்திலும் கேட்கவேண்டும்.

இனி, நீங்கள் உண்மையில் கவலைப்படவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரை இத்தாலி விசா தேவையில்லை. அதனால் பேராசிரியரின் கால அட்டவணையில் விசா என்ற சொல்லே இல்லாமல் போகலாம். கூட வரும் பதினான்கு பேருக்கும் அந்த நினைப்பு வராது. உங்கள் மகள்தான் முதல் நாளே கையைத் தூக்கி, 'எனக்கு ஷெங்கன் விசா வேண்டும்' என்று சொல்லவேண்டும். இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா அது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு பதினைந்து நாள். முடிவு வரப் பதினைந்து நாள் என்பது விதி, 45 நாள் வரை இழுக்கவும் விதி இடம் தருகிறது. வசந்த காலத்தில் நேர ஒதுக்கீடு கிடைப்பது கடினம். கைரேகை வைக்க நேரில் போகவேண்டும், அதற்கே வேறு ஊருக்குப் பயணப்பட நேரலாம். பாஸ்போர்ட்டும் அதுவரை அவர்களிடம் இருக்கும். அந்த வாரங்களில் வேறெங்கும் கிளம்பமுடியாது. விண்ணப்பத்தோடு பல்கலைக்கழகக் கடிதம், தங்குமிடச் சான்று, போக வர டிக்கெட் பதிவு, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீட்டுச் சான்று எல்லாம் வேண்டும். பல்கலைக்கழகக் காப்பீடு தொகையில் போதுமானதாகவே இருக்கும், ஆனால் வழக்கமான அட்டையில் இந்த விவரம் இருக்காது. விசாவுக்கென்று தனிக் கடிதம் கேட்டால் கொடுப்பார்கள். தங்குமிடம் மார்ச்சில்தான் முடிவாகும் என்று அலுவலகம் சொன்னால் அங்கேதான் மாட்டிக்கொள்வோம். ஜனவரிக்குள் இந்தக் கடிதங்கள் கிடைக்குமா, விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு பணம் திரும்பும் என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகே அந்த 500 டாலரைக் கட்டச் சொல்லுங்கள்.

நம்மவர்களுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அடித்திருப்பார்கள். பல்கலைக்கழகப் பட்டியலிலும் அதுவே ஏறியிருக்கும். குழு டிக்கெட் போடும் ஏஜென்ட் அந்தப் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பார். மகள் பாஸ்போர்ட் நகலையே நேரடியாக அனுப்பி, டிக்கெட், காப்பீடு, விசா விண்ணப்பம் மூன்றிலும் பெயர் ஒன்றுபோல் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். அப்படியே, குறைந்தபட்ச ஆள் சேராவிட்டால் கோர்ஸ் ரத்தாகும் என்பதால், கோர்ஸ் உறுதியானதாக அலுவலகம் அறிவிக்கும் முன் பணம் திரும்பாத டிக்கெட் எதையும் வாங்கக்கூடாது.

அமெரிக்கா திரும்புவதற்கு எஃப்-1 என்ற மாணவர் விசா அந்தத் தேதியில் செல்லுபடியாக இருக்கவேண்டும். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் கொடுத்த ஐ-20 தாளில் கல்லூரி அலுவலரின் பயணக் கையொப்பம் ஓராண்டுக்கு உட்பட்டதாக இருக்கவேண்டும். இரண்டும் கைப்பையில், பெட்டியில் அல்ல. விசா முடிந்த பின்னும் கனடா, மெக்சிகோவுக்கு முப்பது நாளுக்குள் போய்வரலாம் என்று ஒரு சலுகை உண்டு. அது இத்தாலிக்குச் செல்லாது. யாராவது நண்பர் சொன்னார் என்று நம்பிவிட வேண்டாம். வழியில் பாஸ்போர்ட் தொலைந்தால் அமெரிக்கத் தோழிக்கு ஒரு சில நாளில் அவசரப் பாஸ்போர்ட் கிடைத்துவிடும். நம் தூதரகம் தரும் அவசரச் சான்றிதழ் இந்தியா திரும்ப மட்டுமே செல்லும். இவளுக்குப் புதுப் பாஸ்போர்ட்டும் வேண்டும், புது அமெரிக்க விசாவும் வேண்டும். ஆகவே ரோமில் பேருந்திலும் ரயில் நிலையத்திலும் பாஸ்போர்ட் சட்டைக்குள் கட்டிய பையில்தான் இருக்கவேண்டும். பாஸ்போர்ட், விசா, ஐ-20 மூன்றின் நகலும் உங்களிடம் ஒன்று, பேராசிரியரிடம் ஒன்று.

கோடையில் இன்டர்ன்ஷிப் எதிர்பார்க்கிறாளா என்றும் கேளுங்கள். நிறுவனங்கள் பெரும்பாலும் மே நடுவிலிருந்து ஜூன் தொடக்கத்துக்குள் ஆட்களைச் சேர்த்துக்கொள்கின்றன, கோர்ஸும் அதே வாரங்களில் வருகிறது. இரண்டாம் ஆண்டு முடிவில் போவதே நல்லது என்பேன். மூன்றாம் ஆண்டுக் கோடையை வேலைக்கு விட்டுவைக்கவேண்டும். இன்டர்ன்ஷிப் இல்லையென்றால், கோர்ஸ் முடிந்ததும் ரோமிலிருந்து நேராக ஊருக்கு வந்துவிட்டு ஆகஸ்டில் திரும்பலாம். தனியாக ஒரு தடவை இந்தியா வந்துபோகும் செலவு மிச்சமாகும். குழு டிக்கெட்டில் சேராமல் சொந்தமாகப் பதிவுசெய்ய அனுமதி உண்டா என்று பார்த்து, ஷெங்கன் விண்ணப்பத்திலும் அந்த டிக்கெட்டையே வைக்கவேண்டும்.

சாப்பாட்டுக்கு அஞ்சவேண்டாம், ஆனால் கேட்டுச் சாப்பிடவேண்டும். ரிசோட்டோ சாதத்தைப் பல கடைகளில் இறைச்சி வடிநீரில்தான் வேகவைப்பார்கள், காய்கறி சூப்பிலும் அது சேரலாம். பர்மேசான் சீஸ் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டு உறையவைப்பது, தூவவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். 'மரினாரா' பீட்சா என்ற பெயரைக் கேட்டு மீன் என்று ஒதுங்கவேண்டியதில்லை. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய் மட்டும்தான், சீஸ்கூடக் கிடையாது. கொண்டைக்கடலையோடு சமைக்கும் பாஸ்தா ரோமில் வீட்டுச் சாப்பாடு மாதிரி, அதில் பன்றிக் கொழுப்போ மீனோ சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளட்டும். தங்குமிடத்தில் சமையலறை இருக்கிறதா என்று இப்போதே விசாரித்துவிடுங்கள். இருந்தால் ஒரு சிறு குக்கரும் கொஞ்சம் பருப்புப் பொடியும் போதும்.

அன்புடன்.