காய்கறி நறுக்கும்போது கையை வெட்டிக்கொண்டால் மஞ்சள் தூள், காப்பித்தூள் வைக்கலாமா? நாட்டு வைத்தியம் என்ன இருக்கிறது?

காப்பித்தூள் வேண்டவே வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எங்களுக்குச் சிவகங்கைப் பக்கம் கிராமம். ஏழாவது படிக்கும்போது மாட்டுக்குப் புல் அறுக்கப் போய், அரிவாள் இடது கை ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. அப்பத்தா ஓடிவந்து முதலில் கையைப் பம்புசெட்டுத் தண்ணீரில் நீட்டச் சொன்னார். மண்ணெல்லாம் போன பிறகுதான் வரப்பில் குனிந்து நாலைந்து இலை பறித்தார்.

அது வெட்டுக்காயப் பூண்டு. கிணற்றடிப் பூண்டு என்றும் சொல்வார்கள். ஒரு சாண் காம்பின் நுனியில் ஒற்றைப் பூ, நடுவில் மஞ்சள், ஓரத்தில் வெளிறிய இதழ்கள். ‘தாத்தா தாத்தா, காசு தர்றியா, தலையை வெட்டவா’ என்று பூவைச் சுண்டி விளையாடுவோமே, அதே செடிதான். இலை சொரசொரப்பாக, ஓரம் பல் பல்லாக இருக்கும். அதை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, பச்சையாகச் சாறு இறங்கியதும் காயத்தில் பிழிந்தார். சுள்ளென்று எரிந்தது. சக்கையை மேலே வைத்து, துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டி, "கையத் தூக்கியே வச்சுக்கடா" என்றார். ஒரு வாரத்தில் ஆறிவிட்டது.

பெருமை முழுக்க இலைக்கே போனது. ஆனால் இப்போது யோசித்தால், கழுவியதும் அழுத்திக் கட்டியதும் கையைத் தூக்கச் சொன்னதும்தான் பெரிய வைத்தியம். இலையில் ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் காயம் ஆற உதவியதாக வந்திருக்கிறது. இன்னொன்று, இந்தச் செடியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். எங்கிருந்தோ வந்த களைக்கு வெட்டுக்காயத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்றால், நம் ஆட்கள் எவ்வளவு கவனித்துப் பார்த்திருக்க வேண்டும்!

சரி, காப்பித்தூள். பெரியப்பா காலில் மண்வெட்டி பட்டபோது யாரோ ஒரு கை தூளை அள்ளி அப்பிவிட்டார்கள். ரத்தம் நின்றது. அடியில் இருந்த மண்ணும் அப்படியே உள்ளே நின்றுவிட்டது. மறுநாள் கால் வீங்கி, ஆஸ்பத்திரியில் நர்ஸ் கெட்டிப்பட்ட தூளை மருந்துத் தண்ணீர் விட்டு விட்டுச் சுரண்டி எடுத்தார். பெரியப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சாம்பல், நூலாம்படை எல்லாமே இந்தக் கணக்குதான். சுண்ணாம்பு தோலையே புண்ணாக்கிவிடும். சாணி பக்கமே போகாதீர்கள். டெட்டனஸ் கிருமி குடியிருப்பதே மண்ணிலும் சாணத்திலும்தான்.

மஞ்சள் விஷயம் வேறு. காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டின் அரசு அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களைக் காட்டி வாதாடி, 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. இது நமக்குக் காலங்காலமாகத் தெரிந்தது என்பதைத்தான் அந்த வழக்கு நிரூபித்தது. அஞ்சறைப்பெட்டித் தூளைத் திறந்த காயத்தில் கொட்டலாம் என்று அல்ல. தூளில் கலப்படம் இருக்கலாம், ஈரக் கரண்டி பட்டிருக்கலாம். மேலோட்டமான சிராய்ப்பு என்றால், கழுவிய விரலி மஞ்சளை ஆறவைத்த வெந்நீரில் இழைத்து லேசாகப் பூசுவேன். அதற்கு மேல் இல்லை.

தேனுக்கு நல்ல காரணம் உண்டு. அதன் சர்க்கரைச் செறிவு ஈரத்தை இழுத்துக்கொள்வதால் கிருமி வளர முடியாது. ஆனால் மருத்துவமனைகளில் காயத்துக்குப் போடுவது கிருமி நீக்கிய தேன், கடைப் பாட்டில் அல்ல.

இப்போது என் வீட்டில் கை வெட்டினால் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவுவோம். சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிப்போம். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது, கட்டிய ரத்தம் பிய்ந்துவிடும். அப்புறம் கொஞ்சம் வாசலின், மேலே பிளாஸ்திரி.

அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை, காயம் வாய் பிளந்திருக்கிறது, விரல் மரத்துப்போகிறது, மடக்க முடியவில்லை என்றால் பச்சிலை தேடாமல் டாக்டரிடம் போய்விடுங்கள். மண், துரு பட்ட காயமாக இருந்து, கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தாலும் போங்கள். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்து, வெட்டு அவர் காலில் என்றால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.